90 கிராம் அடுக்களை

காக்டெயில் கிளியின் தீனிக் கிண்ணத்தைக் காலையில் எடுத்துப் பார்த்தால் நிறைந்திருக்கும். நேற்று மாலை போட்டது அப்படியே இருக்கிறதே, பசியே இல்லையோ என்று தோன்றும். மெல்ல ஒருமுறை ஊதிப் பாருங்கள். நிறைந்திருந்ததெல்லாம் பறந்துபோகும். அத்தனையும் உமி. அடியில் நாலைந்து தினை மணி கிடந்தால் அதிகம்.

இந்த உமியைப் பற்றித் தெரியாமல் என் பறவையை ஒரு பகல் முழுக்கப் பட்டினி போட்டிருக்கிறேன். ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்து, "கிண்ணம் காலியானா மட்டும் போடுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனேன். கிண்ணம் காலியாகவே இல்லை. நான் திரும்பி வந்தபோது அது கூண்டுக் கம்பியைப் பற்றிக்கொண்டு கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. அக்கா சொன்னபடிதான் செய்தார். சொன்னது நான், தவறும் என்னுடையது. இந்த உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இனி இதை வளர்க்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

தெரிந்துகொள்ளப் போனபோது எனக்கு வழிகாட்டியது நம் அடுக்களைதான். காக்டெயிலின் உடம்பு ஒரு சின்ன அடுக்களை. அடுப்பு எப்போதும் பெரிய தீயில் எரிகிறது, பாத்திரங்கள் சிறியவை, உக்கிராண அறை என்று ஒன்று கிடையாது. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் கூண்டுக்கு வெளியே நாம் செய்ய வேண்டியவை அநேகமாகத் தாமாகவே புரிந்துவிடும்.

ஆள் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டைச் சேர்ந்தது. காக்கட்டூ குடும்பத்தில் ஆகச் சிறிய பறவை. வால் நுனி வரை அளந்தால் ஏறக்குறைய ஓர் அடி. எடை பெரும்பாலும் 80 முதல் 100 கிராம். மழை பெய்த பக்கம் புல் விதை பிடிக்கும். புல் விதை பிடித்த பக்கம் கூட்டமாகப் போய் இறங்கி, தரையில் நடந்து நடந்து பொறுக்கும். அங்கே தீர்ந்தால் வேறிடம் பறக்கும். ஒரு நாளைக்கு இதற்கு ஏறத்தாழ 12 கிராம் தீனி வேண்டும். கேட்பதற்குக் கொஞ்சமாகத் தெரியும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் தினமும் 8 கிலோ சாப்பிடுவதற்குச் சமம் அது.

முதலில் அலகு. பல் இல்லை என்று பரிதாபப்பட வேண்டாம். முறமும் உலக்கையும் சேர்ந்த கருவி அது. மேலலகின் உட்பக்கத்தில் வரிவரியான மேடுகள் இருக்கின்றன. தடித்த நாக்கு விதையை அந்த மேட்டில் வைத்து அழுத்திப் பிடிக்கும், கீழலகின் கூரான விளிம்பு தோலைப் பிளக்கும், நாக்கு விதையைச் சுழற்றச் சுழற்ற உமி உரிந்து வெளியே விழும். பருப்பு மட்டும் உள்ளே போகும். புடைத்துப் பழகிய கை முறத்தைத் தட்டும்போது உமி முன்னால் போய் அரிசி பின்னால் தங்குமே, அந்த நேர்த்திதான். ஒரு தினை மணிக்கு இரண்டு விநாடிகூட ஆகாது. அந்த உமி கிண்ணத்திலேயே விழுவதால்தான் என்னைப் போன்றவர்கள் ஏமாறுகிறோம். இப்போதெல்லாம் காலையும் மாலையும் ஊதிவிட்டுத்தான் போடுகிறேன்.

தினையைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். செல்லப்பறவைக் கடையில் இளமஞ்சள் நிறத்தில் கட்டுக்கட்டாகத் தொங்கும் கதிர் நம் தினைக் கதிர்தான். உலகத்தில் எங்கே காக்டெயில் வளர்த்தாலும், முதல்முறை கைக்கு வர வைக்கப் பெரும்பாலும் நீட்டுவது இதைத்தான். குறிஞ்சி நிலத்துப் பெண்கள் பரண்மேல் உட்கார்ந்து தட்டையைத் தட்டிக் கிளிகளை விரட்டியது இந்தத் தினைப்புனத்திலிருந்துதான். ஆஸ்திரேலியக் கிளிக்கும் அதே ஆசை இருப்பதை என் கையிலிருந்த கதிரில் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

உரித்த பருப்பு நேராக வயிற்றுக்குப் போவதில்லை. கழுத்தின் அடியில், நெஞ்சுக்கு மேலே, தீனிப்பை என்று ஒரு பை இருக்கிறது. அரைப்பதற்கு முன்னால் அரிசியையும் உளுந்தையும் ஊறப்போடும் பாத்திரம் அது. தானியம் அங்கே நனைந்து, இளகி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். காட்டில் இது உயிர் காக்கும் ஏற்பாடு. திறந்தவெளியில் தரையில் இறங்கித் தின்பது ஆபத்து. வேகமாகப் பொறுக்கிப் பையை நிரப்பிக்கொண்டு மரத்துக்குப் போய்விட்டால், செரிக்கிற வேலை அங்கே நிதானமாக நடக்கும்.

குஞ்சுகளுக்கு இந்தப் பைதான் எல்லாம். தாயும் தகப்பனும் தங்கள் பையில் ஊறியதைக் கக்கி ஊட்டும். நம் ஊரில் பலர் கைக்குப் பழக வேண்டும் என்பதற்காக, கண் திறந்து சில நாட்களான குஞ்சை வாங்கி வந்து சிரிஞ்சில் கஞ்சி ஊட்டுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தானாகத் தின்னத் தொடங்கிய குஞ்சும் பொறுமையாகப் பழக்கினால் தோளில் ஏறி உட்காரும். இருந்தாலும், ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கஞ்சி 39, 40 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். அதற்குச் சில டிகிரி மேலே போனாலே பையின் மெல்லிய சுவர் வெந்துவிடும். வெந்தது அன்றைக்குத் தெரியாது. சில நாள் கழித்துத் தோல் கறுத்து, ஓட்டை விழுந்து, ஊட்டிய கஞ்சி கழுத்து வழியாகவே கசியும். மைக்ரோவேவில் சூடாக்கினால் ஒரு பக்கம் ஆறியும் ஒரு பக்கம் கொதித்தும் இருக்கும் என்பதால் அதைத் தொடவே கூடாது. சூடு குறைந்தாலும் ஆபத்துதான். பை மந்தமாகி இறங்காமல் நிற்கும். நின்ற கஞ்சி இட்லி மாவு மாதிரி புளித்துப் பொங்கும். மாவு புளித்தால் நமக்கு இட்லி, குஞ்சுக்கு அது மரணம். ஆகவே அளவுக் கரண்டிக்கு முன்னால் ஒரு வெப்பமானி வாங்குங்கள். முன்பு ஊட்டியது இறங்கியிருக்கிறதா என்று கழுத்தைப் பார்த்த பிறகே அடுத்ததை ஊட்டுங்கள்.

பையிலிருந்து இறங்கியது இரண்டு வயிறுகளைக் கடக்கிறது. முதல் வயிறு புளிக்கரைசல். அமிலமும் செரிமான நீரும் சுரந்து தானியத்தின் மேல் விழும். அடுத்தது ஆட்டுக்கல். அரைவைப்பை என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். கெட்டியான தசைச் சுவர்கள் ஒன்றோடொன்று தேய்ந்து அரைக்கும். பல் செய்யாத வேலையை இது செய்கிறது.

இங்கேதான் கடைக்காரர்கள் மணல் பொட்டலத்தை எடுத்து நீட்டுவார்கள். கோழியும் புறாவும் தானியத்தைத் தோலோடு விழுங்குபவை. அந்தத் தோலை உடைக்க அவற்றின் ஆட்டுக்கல்லில் சிறு கற்கள் வேண்டும். காக்டெயில் தோலை வாசலிலேயே உரித்துவிட்டு வருகிறது. அதன் ஆட்டுக்கல் வெறும் தசையாலேயே அரைத்துவிடும். கல்லை அளவுக்கு மீறித் தின்று குவித்தால் வழி அடைத்துக்கொள்ளும். மணல் வேண்டாம்.

புளிக்கரைசலும் ஆட்டுக்கல்லும் அடுத்தடுத்து இருப்பதில் இன்னொரு விபரீதம் ஒளிந்திருக்கிறது. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் என்ன ஆகும் என்று நம் பாட்டிகளுக்குத் தெரியும். குழம்பில் களிம்பு இறங்கும். காக்டெயிலுக்கு எதையும் அலகால் கடித்துப் பார்க்காமல் இருக்க முடியாது. மட்டமான கூண்டின் துத்தநாகப் பூச்சு, பழைய சுவரின் பெயின்ட், திரைச்சீலை அடியில் தைத்த ஈயக் குண்டு என்று ஏதாவது ஒரு துணுக்கு உள்ளே போனால் அரைவைப்பை அதைப் பிடித்து வைத்துக்கொண்டு அரைக்கும், அமிலம் கரைக்கும், உலோகம் ரத்தத்தில் ஏறும். வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு என்று போகும். கூண்டு வாங்கும்போது நிறத்தையும் கோபுரத்தையும் பார்க்காமல் கம்பியைப் பாருங்கள். உரியும் பூச்சோ வெள்ளைப் பொடியோ தெரிந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். எவர்சில்வர் கூண்டு விலை கூடுதல்தான். 15, 20 வருடம் வாழக்கூடிய பறவைக்கு ஒருமுறை செய்யும் செலவு அது.

குடலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கல்லீரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடையில் விற்கும் கலவைத் தீனியில் காக்டெயில் முதலில் தேடி எடுப்பது சூரியகாந்தி விதை. அதன் பருப்பில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். தினையில் நூற்றுக்கு நான்கு பங்குதான். வறண்ட நிலத்தில் அலைகிற பறவைக்கு எண்ணெய் கிடைப்பது பெரும் பேறு, அதனால் அந்த ஆசை உடம்பிலேயே இருக்கிறது. கூண்டில் அலைச்சல் இல்லை, ஆசை மட்டும் இருக்கிறது. தீபாவளிப் பலகாரத்தை வருடம் முழுக்க மூன்று வேளையும் தின்றால் நமக்கு ஆவதுதான் அதற்கும் ஆகும். கொழுப்பு கல்லீரலில் போய்ப் படியும். அலகு அளவுக்கு மீறி நீள்வது, வயிற்றுப் பக்கம் மஞ்சளாகத் திரள்வது போன்ற அடையாளங்கள் தெரியும்போது நாள் கடந்திருக்கும்.

விதை மட்டுமே தின்னும் பறவைக்கு வைட்டமின் ஏ குறையும், சுண்ணாம்புச் சத்து குறையும். மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் இவற்றின் உள்பூச்சு வறண்டு நோய்க்கிருமிக்கு இடம் கொடுக்கும். அதற்காகச் சொட்டு மருந்தைத் தண்ணீரில் விடுவது பல வீட்டு வழக்கம். அதை நிறுத்துங்கள். வளர்ந்த காக்டெயிலுக்கு வைட்டமின் ஏ குறைவதைவிடக் கூடுவது சீக்கிரம் கெடுதல் செய்யும் என்று ஆய்விலேயே பார்த்திருக்கிறார்கள். கீரையிலும் காரட்டிலும் இருப்பது வைட்டமினாக மாறாத மூலப்பொருள். உடம்பு தனக்கு வேண்டியதை மட்டும் மாற்றிக்கொள்ளும். முருங்கைக்கீரைக் கொத்தைக் கழுவி ஈரத்தோடு கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். கொத்தமல்லி, துருவிய காரட், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, முளைகட்டிய பச்சைப் பயறு என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். பெல்லட் என்ற தயார்த் தீனியைப் பழக்கினால் நல்லது, ஆனால் ஒரே நாளில் மாற்றாதீர்கள். தெரியாத பொருளைத் தீனியென்றே அறியாமல், பெல்லட் நிறைந்த கிண்ணத்தின் பக்கத்தில் பட்டினி கிடக்கும் பறவை இது. என் பறவை முருங்கைக்கீரையைத் தொடவே ஐந்து வாரம் ஆனது. தினமும் அதன் கண்ணெதிரே நான் ஓர் இலையைக் கடித்துக் காட்டினேன். கூட்டமாக வாழும் பறவை அல்லவா, பக்கத்தில் இருப்பவர் தின்றால் நம்பும்.

வெண்ணெய்ப்பழம் எனும் அவகாடோ, சாக்லேட், காபி, தேநீர், மது, உப்பும் காரமும் போட்ட நொறுக்குத்தீனி, வெங்காயம் எதுவும் கூடாது.

கழிவுநீர்க் குழாய் பக்கம் வருவோம். பறவைக்குச் சிறுநீர்ப்பை இல்லை. நாம் கழிவைத் தண்ணீரில் கரைத்து வெளியேற்றுகிறோம். இது தண்ணீரை மிச்சம் பிடித்து, யூரிக் அமிலமாகக் கெட்டியாக்கி, அரைத்த சுண்ணாம்பு போல வெள்ளையாக வெளியேற்றுகிறது. ஒவ்வொரு எச்சத்திலும் மூன்று பகுதி பார்க்கலாம்: பச்சையோ பழுப்போ ஆன சுருள், அதன்மேல் வெள்ளை, சுற்றிக் கொஞ்சம் தெளிந்த நீர். கூண்டின் அடியில் செய்தித்தாளைப் போட்டு தினமும் மாற்றச் சொல்வது சுத்தத்துக்காக மட்டும் இல்லை, படிப்பதற்காகவும்தான். வெள்ளை மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் கல்லீரலைச் சந்தேகிக்க வேண்டும். முழுத் தானியம் அரைபடாமல் வந்தால் ஆட்டுக்கல்லில் கோளாறு. பீட்ரூட் தின்ற நாளில் சிவந்தால் பயப்பட வேண்டாம்.

இப்போது அடுப்பு. காக்டெயிலின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். பெரிய அண்டாவில் வைத்த வெந்நீர் ஒரு மணி நேரம் சூடாக இருக்கும், டம்ளரில் ஊற்றியது பத்து நிமிடத்தில் ஆறிவிடும். 90 கிராம் பறவை அந்த டம்ளர். தீ அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால்தான் சூடு நிற்கும். நோயில் தின்பது குறைந்தால் விறகு குறைகிறது. அதனால் இறகை உப்பிக்கொண்டு, மூடி போட்ட பாத்திரம் மாதிரி, சூட்டைப் பிடித்து வைக்கப் பார்க்கும். பகலில் உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்திருக்கும் காக்டெயிலைத் தூங்குகிறது என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் போகும் வழியில்கூட அதைக் கதகதப்பாக வைத்திருங்கள்.

பலவீனம் தெரிந்தால் பருந்து தூக்கிவிடும் என்பதால் நோயை மறைப்பது இதன் பிறவிக் குணம். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்க ஒரு கருவி உண்டு, அதுவும் அடுக்களையிலேயே இருக்கிறது: பலகாரத்துக்கு மாவு நிறுக்கும் மின்தராசு. அதன்மேல் ஒரு குச்சியை நிறுத்தி, ஒரு தினைக் கதிரைக் காட்டினால் ஏறி நிற்கும். தினமும் காலையில், தீனி வைப்பதற்கு முன்னால் நிறுத்து எழுதி வையுங்கள். ஒன்றிரண்டு கிராம் ஏறி இறங்கும். 90 இருந்தது 81 ஆனால் உடம்பில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். அன்றைக்கே பறவை மருத்துவம் தெரிந்தவரிடம் போக வேண்டும். நான் சொல்வதில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

புகைபோக்கியைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், அதுதான் நம் வீட்டு அடுக்களையோடு நேராக மோதுகிறது.

நம் நுரையீரல் கொல்லனின் துருத்தி. உள்ளே போன வழியிலேயே காற்று வெளியே வருகிறது. ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் பழைய காற்று தங்கிவிடும். பறவையின் நுரையீரல் சுருங்கி விரிவதில்லை. நிலையாகப் பதித்த வடிகட்டி அது. அதன் முன்னும் பின்னும் உள்ள காற்றுப்பைகள்தான் துருத்தி. முதல் மூச்சை இழுக்கும்போது புதுக்காற்றின் பெரும்பகுதி பின்பக்கப் பைகளுக்குப் போகிறது. விடும்போது அது நுரையீரல் வழியாகச் செல்கிறது. இரண்டாவது மூச்சை இழுக்கும்போது முன்பக்கப் பைகளுக்கு நகர்கிறது. அதை விடும்போதுதான் வெளியே போகிறது. புகையில்லா அடுப்பில் ஒரு பக்கம் காற்று நுழைந்து மறுபக்கம் புகைபோக்கி வழியாக ஏறுவது போல, காற்று எப்போதும் ஒரே திசையில் ஓடுகிறது. இழுத்தாலும் விட்டாலும் வடிகட்டியில் புதுக்காற்றுதான். இறக்கையை அடித்துப் பறக்கத் தேவையான உயிர்வளி இப்படித்தான் கிடைக்கிறது.

காற்றில் நஞ்சு இருந்தால் அதுவும் இதே திறமையோடு ரத்தத்துக்குப் போகும். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரை கேனரிக் குருவிகளை வைத்திருந்தது இதனால்தான். நம் வீட்டில் அப்படியொரு நஞ்சு பெரும்பாலும் நான்ஸ்டிக் தவாவிலிருந்து வருகிறது. தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு தொலைபேசியை எடுக்கப் போகிறோம். வெறும் தவா பெரிய தீயில் சில நிமிடங்களிலேயே 260 டிகிரியைத் தாண்டிவிடும். அதற்கு மேல் அந்தப் பூச்சு சிதைந்து வாயுவாகக் கிளம்பும். நமக்கு வாசனைகூடத் தெரியாமல் போகலாம். அடுத்த அறையில் இருக்கும் பறவை குச்சியிலிருந்து விழும். அதன் நுரையீரலில் ரத்தமும் நீரும் நிறைந்திருக்கும். மருத்துவரிடம் கொண்டுபோக நேரம் கிடைப்பதே அரிது. வேறு எதிலும் நான் விட்டுக்கொடுப்பேன், இதில் மாட்டேன்: காக்டெயில் இருக்கும் வீட்டில் நான்ஸ்டிக் இருக்கக் கூடாது. பழகிய இரும்புக்கல் இருக்கிறது, எவர்சில்வர் இருக்கிறது, மண்சட்டி இருக்கிறது. கொசுவர்த்திச் சுருள், ஸ்பிரே, சாம்பிராணி, ஊதுபத்தி, சிகரெட் இவற்றின் புகையும் அது இருக்கும் அறைக்கு வரக் கூடாது. எல்லாரும் புழங்கும் இடமென்று கூண்டை அடுக்களை மூலையில் வைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து இன்றே மாற்றுங்கள்.

காக்டெயிலுக்கு உதரவிதானம் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. அன்பு மிகுதியில் குழந்தைகள் நெஞ்சோடு சேர்த்து இறுகப் பிடித்தால், மூக்கு திறந்தே இருந்தாலும் மூச்சு நின்றுவிடும்.

பெட்டை வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சேவல் இல்லாமலும் அது முட்டையிடும். ஒவ்வொரு ஓட்டுக்கும் வேண்டிய சுண்ணாம்பு தீனியிலிருந்து வராவிட்டால் எலும்பிலிருந்து எடுக்கப்படும். கூண்டில் கடல்நுரை, அதாவது கணவாய் ஓடு, எப்போதும் தொங்கட்டும். அந்தச் சுண்ணாம்பு உடம்பில் சேர வெயில் வேண்டும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் வெளிச்சம் மட்டும்தான் தரும், வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். வடகம் காயப்போடுகிற அதே மொட்டைமாடியில், காலை இளவெயிலில், கூண்டின் பாதி நிழலில் இருக்கும்படி அரை மணி நேரம் வைத்து, நீங்களும் பக்கத்திலேயே இருங்கள். காகமும் பூனையும் காத்திருக்கும். முட்டை வெளியே வராமல் முக்கிக்கொண்டிருந்தால் அது அவசரம், வீட்டு வைத்தியம் பார்க்கக் கூடாது.

மாலை ஐந்து மணிக்குமேல் எங்கள் பறவையின் நடை மாறும். பகலெல்லாம் பொம்மையும் பாட்டுமாக இருந்தது, கிண்ணத்தில் தலையைப் புதைத்துக்கொண்டு மும்முரமாகத் தின்னத் தொடங்கும். இரவு பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு, அந்த நேரம் முழுக்க அடுப்பை எரியவைக்கப் பெரிதும் உதவுவது கழுத்தடியில் ஊறும் அந்தப் பைதான். அதனால் சூரியன் இறங்குவதற்கு முன்னால் உமியை ஊதிவிட்டு, புதுத் தினை போட்டுவிடுகிறேன். கூண்டின் மூன்று பக்கம் துணி, ஒரு பக்கம் திறப்பு, மூலையில் ஒரு விடிவிளக்கு. முழு இருட்டில் ஏதாவது சத்தம் கேட்டால் காக்டெயில் மிரண்டு கம்பியில் மோதி இறக்கையை உடைத்துக்கொள்ளும், அதற்காகத்தான் விளக்கு. துணியைப் போர்த்துவதற்கு முன் கழுத்துக்கு அடியில் ஒரு விரலால் மெல்லத் தொட்டுப் பார்ப்பேன். பை உருண்டையாக, மெத்தென்று நிறைந்திருக்கும். கொண்டையைப் பாதி தாழ்த்தி, ஒரு காலைத் தூக்கி இறகுக்குள் வைத்துக்கொண்டு, அலகை நறநறவென்று உரசத் தொடங்கும். தூங்கப் போகிறது.